பாஸ்கர்வில் எழுத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்கர்வில் என்பது எந்த வகை எழுத்துரு?

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் வாழ்ந்த ஜான் பாஸ்கர்வில், 1750-களில் தாம் அச்சிடவிருந்த நூல்களுக்காக உருவாக்கிய ரோமன் எழுத்துரு இது. எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் குறுக்காக நீளும் சிறு முனைகளைச் செரிஃப் என்பார்கள். அத்தகைய முனைகள் உள்ள எழுத்துருக்களில் இன்றுவரை நூல் அச்சுக்கு விரும்பிப் பயன்படுத்தப்படுபவற்றுள் இதுவும் ஒன்று. கணினியில் இந்தப் பெயரோடு பல எழுத்துருக்கள் கிடைக்கின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை அனைத்தும் ஒரே எழுத்துரு அல்ல. எங்களிடம் வரும் கேள்விகளில் பாதி, அந்த வேறுபாடு தெரியாமல் ஏற்பட்ட குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன.

இதை 'இடைநிலை' எழுத்துரு என்று ஏன் சொல்கிறார்கள்?

காரமாண்ட், கேஸ்லான் போன்ற பழைய எழுத்துருக்களில் அகன்ற முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய கையின் அடையாளம் தெரியும். ஆங்கில 'ஓ' (O) எழுத்தின் மெலிந்த பகுதிகளை ஒரு கோட்டால் இணைத்தால் அந்தக் கோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பொதோனி, டிடோ ஆகியவற்றில் அந்தக் கோடு நேராக நிமிர்ந்துவிட்டது. தடித்த கோட்டுக்கும் மெலிந்த கோட்டுக்கும் இடையிலான வேறுபாடு உச்சத்துக்குப் போய், செரிஃப்களும் மயிரிழைபோல் ஆகிவிட்டன. பாஸ்கர்வில் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் அந்தக் கோடு ஏறத்தாழ நேரானது, தடிப்பு மெலிவு வேறுபாடு கேஸ்லானைவிட அதிகம், ஆனால் செரிஃப்கள் தண்டிலிருந்து இன்னும் வளைந்தே பிரிகின்றன. வகைப்படுத்த வசதியான சொல் என்பதால் 'இடைநிலை' நிலைத்துவிட்டது. எனினும் அச்சொல் பாஸ்கர்விலுக்கு நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. தமக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. தம் கண்ணுக்கு நிறைவாகப் பட்ட எழுத்தைத்தான் அவர் செய்தார்.

ஜான் பாஸ்கர்வில் யார்? அவர் அச்சுத் தொழிலில் பிறந்து வளர்ந்தவரா?

இல்லை. அவர் கையெழுத்துப் பயிற்சி தரும் ஆசிரியராகவும் கல்லில் எழுத்துச் செதுக்குபவராகவும் வாழ்வைத் தொடங்கினார். கல்லறைக் கற்களில் விரும்பிய வகையில் எழுத்துப் பொறித்துத் தரப்படும் என்று அறிவிக்கும் சிறிய பலகைக்கல் ஒன்றை அவரே செதுக்கியிருக்கிறார். அது பர்மிங்ஹாம் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஒரே கல்லில் பல பாணி எழுத்துகள் வரிவரியாக வருகின்றன. உளி பிடித்தவரின் கையில் பேனாவின் ஓட்டமும் இருந்ததை அந்தக் கல் தெளிவாகக் காட்டுகிறது.

பிறகு தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் பளபளப்பான அரக்குப் பூச்சு இடும் தொழிலில் இறங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். அந்தப் பணத்தைத்தான் 1750-ஐ ஒட்டி எழுத்து வார்ப்பதில் கொட்டினார். அவருடைய முதல் நூல் வெளிவர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆயின. இலத்தீன் கவிஞர் விர்ஜிலின் படைப்புகள் அடங்கிய அந்நூல் 1757-இல் வந்தது. மறு ஆண்டு மில்டனின் கவிதைகளை அச்சிட்டபோது எழுதிய முன்னுரையில், இளமையிலிருந்தே எழுத்தின் அழகில் தாம் ஈடுபட்டதையும், அதை மேலும் செம்மைப்படுத்தும் ஆசை தம்மை அறியாமலே தமக்குள் வளர்ந்ததையும் அவர் குறிப்பிட்டார். தமக்கு முன்னோடியான எழுத்து வார்ப்பாளர் கேஸ்லானை அதே முன்னுரையில் மனமாரப் பாராட்டவும் செய்தார். 1758-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அச்சாளராக நியமிக்கப்பட்டு, 1763-இல் அங்கே பெரிய அளவில் விவிலியத்தை அச்சிட்டார். அழகில் அது அவருடைய சிகரம், வணிகத்தில் இழப்பு. 1775 ஜனவரியில் அவர் மறைந்தார்.

எழுத்துருவை மட்டும் வடிவமைத்தாரா, வேறு எதையும் மாற்றினாரா?

பாஸ்கர்விலைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அக்கால முறையில் ஓர் எழுத்து பிறப்பது இப்படி: எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடிப் பிம்பம்போல வெட்டுவார்கள், இதற்குப் பஞ்ச் என்று பெயர். அதைச் செம்புத் துண்டில் அடித்து இறக்கினால் குழிவான மேட்ரிக்ஸ் கிடைக்கும். அதில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் அச்சுக் கோக்கும் எழுத்து வந்துவிடும். பாஸ்கர்வில் வரைந்ததை எஃகில் வெட்டியவர் ஜான் ஹேண்டி என்ற கைவினைஞர். எவ்வளவு மெல்லிய கோட்டை எஃகில் வெட்டினாலும், அக்காலத் தாளில் அது அப்படியே விழாது. தாளின் மேற்பரப்பில் வார்ப்புக் கம்பிகளின் வரிகள் ஓடும். மெத்தென்ற அடித்தளத்தில் எழுத்து ஆழமாகப் பதிந்து மை பிதுங்கும். மெல்லிய கோடு தடித்துப்போகும்.

ஆகவே பாஸ்கர்வில் ஒவ்வொரு கண்ணியாகச் சரிசெய்தார். அச்சு எந்திரத்தின் தளங்கள் துல்லியமாகச் சமமாக இருக்கும்படி செய்வித்தார். தாளுக்குப் பின்னே வைக்கும் மெத்தையை மெல்லியதாகவும் விறைப்பாகவும் ஆக்கி, எழுத்து தாளைக் குத்தாமல் தொட்டு எழும்படி செய்தார். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோடு நுண்ணிய விளக்குக் கரியைச் சேர்த்து, அக்கால மைகளைவிட ஆழ்ந்த கருமையுள்ள மையைத் தயாரித்தார். ஜேம்ஸ் வாட்மன் உருவாக்கிய, கம்பி வரி தெரியாத 'வோவ்' தாளை விர்ஜில் நூலின் ஒரு பகுதிக்குப் பயன்படுத்தினார். அச்சான தாள்களைச் சூடான செப்புத் தகடுகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கினார். கடைசியாக, பக்கத்தின் ஓரங்களையும் வரி இடைவெளியையும் தாராளமாக விட்டார். அவருடைய தலைப்புப் பக்கங்களில் பூ வேலைப்பாடுகள் இல்லை, நன்கு இடைவெளி விட்டு நிறுத்திய பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு.

எழுத்து, மை, தாள், எந்திரம், வெற்றிடம் என்ற ஐந்தும் சேர்ந்ததுதான் பாஸ்கர்வில். இதில் எழுத்தை மட்டும் எடுத்து, மற்றவற்றை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கீழே வரும் பல விடைகளில் காணலாம்.

மற்ற செரிஃப் எழுத்துருக்களிலிருந்து இதை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் சிறிய 'ஜி' (g) எழுத்தைப் பாருங்கள். இரண்டு அடுக்கு கொண்ட அந்த எழுத்தின் கீழ் வளையம் பெரும்பாலான எழுத்துருக்களில் முழுமையாக மூடியிருக்கும். பாஸ்கர்விலில் அது மூடுவதில்லை. கோடு வலப்பக்கத்திலிருந்து கீழே இறங்கி, இடப்பக்கம் சுழன்று மேலே வந்து, இணைப்புத் தண்டைத் தொடுவதற்குச் சற்று முன்பாகவே நின்றுவிடுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், பேனாவைத் தாளிலிருந்து எடுத்த அந்தக் கணமே உறைந்து நிற்பதுபோல் இருக்கும். கையெழுத்து ஆசிரியரின் கையை இந்த ஓர் எழுத்தில் நேரடியாகக் காண்கிறோம்.

அடுத்தது பெரிய 'க்யூ' (Q). அதன் வால் எழுத்தின் அகலத்தைத் தாண்டி, வரிக்குக் கீழே அலைபோல் வலப்பக்கம் நீள்கிறது. பெரிய 'இ' (E) எழுத்தின் கீழ்க்கை மேற்கையைவிட நன்றாக நீண்டிருக்கும். பெரிய 'சி'க்கு மேலும் கீழும் இரண்டு இடத்திலும் செரிஃப் உண்டு. 'டபிள்யூ'வின் நடு முனையில் செரிஃப் இல்லை. பெரிய 'ஜே' வரிக்குக் கீழே இறங்கும். சாய்வெழுத்தில் 'ஜே', 'என்', 'டி' (T), 'ஒய்' போன்ற பெரிய எழுத்துகள் சுழிப்போடு வருவது இன்னோர் அடையாளம். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். 'ஜி'யும் 'க்யூ'வும் 'இ'யும் ஒத்துப்போனால் பெரும்பாலும் ஐயம் இருக்காது.

அவர் காலத்தில் இந்த எழுத்து வரவேற்கப்பட்டதா?

ஐரோப்பாவில் மதிப்புக் கிடைத்தது. உள்நாட்டில் ஏளனமே அதிகம் கிடைத்தது. கோடுகள் மிக மெல்லியவை, வெள்ளைத் தாளில் கருமை பளிச்சிட்டுக் கண்ணைக் கெடுக்கும் என்றார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1760-இல் பாஸ்கர்விலுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இதைப் பற்றிய நிகழ்ச்சி வருகிறது. பாஸ்கர்விலின் எழுத்து நாட்டு வாசகர் அனைவரையும் குருடாக்கிவிடும் என்று ஒருவர் அவரிடம் வாதிட்டாராம். ஃபிராங்க்ளின் கேஸ்லானின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, மேலே இருந்த பெயரைக் கிழித்துவிட்டு, இது பாஸ்கர்விலுடையது, குறைகளைக் காட்டுங்கள் என்று நீட்டினார். அந்த மனிதர், தாம் அன்றாடம் எந்தச் சிரமமும் இல்லாமல் படித்துவந்த கேஸ்லான் எழுத்திலேயே விகிதக் குறைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டத் தொடங்கினார். ஃபிராங்க்ளினும் அச்சுத் தொழிலாளராக வளர்ந்தவர் என்பதால் இந்தச் சோதனைக்குத் தனி எடை உண்டு. எழுத்துருவைப் பற்றி நாம் சொல்லும் குறைகளில் எவ்வளவு கண்ணால் கண்டது, எவ்வளவு காதால் கேட்டது என்று ஒவ்வொரு வடிவமைப்பாளரும் இந்த நிகழ்ச்சியை நினைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அவருக்குப் பிறகு எழுத்துக்கு என்ன ஆனது?

பாஸ்கர்விலின் மனைவி சாரா ஈவ்ஸ் பஞ்ச்களை 1779-இல் பிரெஞ்சு நாடக ஆசிரியர் போமார்ஷேவுக்கு விற்றார். பிரான்சின் தணிக்கைக்கு எட்டாமல், ரைன் நதியின் மறுகரையிலுள்ள கேல் என்ற ஊரில் அச்சகம் அமைத்து, வோல்டேரின் முழுத் தொகுப்பை இந்த எழுத்திலேயே அவர் அச்சிட்டார். அதன் பிறகு பஞ்ச்கள் பல கைகள் மாறி, 'டெபெர்னி பெய்ஞோ' என்ற பிரெஞ்சு எழுத்து வார்ப்பகத்தை வந்தடைந்தன. இங்கிலாந்தோ பாஸ்கர்விலை ஏறத்தாழ மறந்தே போனது.

1917-இல் அமெரிக்க நூல் வடிவமைப்பாளர் புரூஸ் ராஜர்ஸ், கேம்பிரிட்ஜ் நகரின் புத்தகக் கடை ஒன்றில் இதன் மாதிரியைக் கண்டு, தேடிப்போய், ஹார்வர்ட் பல்கலைக்கழக அச்சகத்துக்குப் பரிந்துரைத்தார். 1923-இல் மோனோடைப் நிறுவனம், ஸ்டான்லி மாரிசனின் வழிகாட்டலில், எந்திரத்தால் அச்சுக் கோப்பதற்கு இதை மீட்டு வெளியிட்டது; 1931-இல் லினோடைப் நிறுவனமும் தன் வடிவத்தைக் கொண்டுவந்தது. 1953-இல் அந்தப் பிரெஞ்சு வார்ப்பகத்தின் சார்ல் பெய்ஞோ மூலப் பஞ்ச்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு நன்கொடையாக அளித்தார்.

கணினியில் பல பாஸ்கர்வில்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

பயன்பாட்டைப் பொறுத்தது. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாகப் பஞ்ச் வெட்டினார்கள். சிறிய அளவுக்குக் கோடுகளைச் சற்றுத் தடிப்பாகவும் உள்வெளிகளை அகலமாகவும் விட்டார்கள். விர்ஜில் நூலின் எழுத்து இன்றைய கணக்கில் ஏறத்தாழ 18 பாயிண்ட். இன்று ஒரே வரைவை எல்லா அளவுக்கும் சுருக்கியும் பெருக்கியும் பயன்படுத்துகிறோம். ஆகவே ஒரு மீட்டுருவாக்கம் எந்த அளவு எழுத்தைப் பார்த்து வரையப்பட்டது, மை பரவலை எவ்வளவு சேர்த்துக்கொண்டது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது.

மேக் கணினிகளோடு வரும் 'பாஸ்கர்வில்' மோனோடைப் வழியில் வந்தது. நல்ல தாளில் 11 பாயிண்டுக்கு மேல் அருமையாக நிற்கும். 'ஐடிசி நியூ பாஸ்கர்வில்' இன்னும் கூர்மையானது. மெலிந்த கோடுகள் மிக மெலிந்தவை என்பதால் தலைப்புகளில் ஒளிரும், சிறிய அளவில் நீண்ட உரைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 'லிப்ரே பாஸ்கர்வில்' 2012-இல் பாப்லோ இம்பல்லாரியின் குழு திறந்த உரிமத்தில் வெளியிட்டது; திரையில் 16 பிக்சல் அளவில் படிக்க வசதியாகச் சிறிய எழுத்துகளின் உயரத்தைக் கூட்டி, உள்வெளிகளை விரித்து, தடிப்பு மெலிவு வேறுபாட்டைக் குறைத்திருக்கிறார்கள். இணையப் பக்கத்துக்கு இது பாதுகாப்பான தேர்வு. அச்சில் இதே எழுத்துரு சற்றுப் பெரிதாகவும் அகலமாகவும் தெரியும். பக்க எண்ணிக்கை கூடும். செக் நாட்டின் ஃபிரான்டிஷெக் ஷ்டோர்ம் வரைந்த 'பாஸ்கர்வில் ஒரிஜினல்' 18-ஆம் நூற்றாண்டுப் பக்கத்தின் மை படிந்த தன்மையை நாடுபவர்களுக்கு உரியது.

'பாஸ்கர்வில் ஓல்டு ஃபேஸ்' என்று என் கணினியில் இருக்கிறதே, அது மூல வடிவமா?

அல்ல. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸுடன் வரும் அந்த எழுத்துரு, பாஸ்கர்விலைப் பின்பற்றி 1760-களில் ஃப்ரை வார்ப்பகத்துக்காக ஐசக் மூர் வெட்டிய எழுத்தின் வழியில் வந்தது. அழகானதுதான், ஆனால் அது பெரிய அளவுத் தலைப்புகளுக்கு உரியது. முக்கியமாக, அதற்குத் தனிச் சாய்வெழுத்தும் தடித்த எழுத்தும் இல்லை. நீங்கள் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் நேரெழுத்தையே சரித்துக் காட்டும். சிறிய 'ஏ' (a) எழுத்து அதே இரண்டடுக்கு வடிவத்தில் சாய்ந்து கிடந்தால் அது போலிச் சாய்வு என்று அறியலாம். உண்மையான சாய்வெழுத்தில் அது கையெழுத்தில் எழுதுவதுபோல ஒற்றை அடுக்காக இருக்கும்.

'மிஸஸ் ஈவ்ஸ்' எழுத்துருவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1996-இல் சூசானா லிச்கோ வடிவமைத்த அது, பாஸ்கர்வில் குறித்த ஒரு தனிப்பட்ட விளக்கவுரை எனலாம். பெயர் சாரா ஈவ்ஸைக் குறிப்பது. கணவர் கைவிட்டுச் சென்றபின் பாஸ்கர்வில் வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்த அவர், முதல் கணவர் இறந்த பிறகு 1764-இல் பாஸ்கர்விலை மணந்தார். எழுத்துரு வரலாற்றில் பெயர் விடுபட்டுப்போன ஒரு பெண்ணுக்குக் கிடைத்த இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும். வடிவத்தைப் பொறுத்தவரை, சிறிய எழுத்துகள் குட்டையாகவும் இடைவெளி தளர்வாகவும் இருப்பதால் நூல் அட்டைக்கும் கவிதைத் தலைப்புக்கும் பொருந்தும். நீண்ட பத்திகளில் சொற்கள் சிதறித் தெரியும்.

எந்த வேலைகளுக்கு பாஸ்கர்வில் சிறப்பாகப் பொருந்தும்?

வாசகர் நிதானமாக உட்கார்ந்து படிக்கும் எதற்கும் பொருந்தும்: புதினம், கட்டுரை நூல், வரலாறு, கவிதை, கண்காட்சிக் கையேடு, அழைப்பிதழ். கிண்டில் கருவியின் எழுத்துருப் பட்டியலிலும் இது உண்டு. கனடா அரசின் பெயர்ச் சின்னத்தில், கடைசி 'ஏ' எழுத்தின் மேல் கொடி பறக்கும் 'கனடா' என்ற சொல், பாஸ்கர்விலைச் சற்று மாற்றி அமைத்ததுதான். ஆரவாரம் இல்லாத கண்ணியம் தேவைப்படும் இடத்தில் இதைவிட நம்பகமான எழுத்துருக்கள் மிகக் குறைவு.

எங்கே தவிர்க்க வேண்டும்?

நாளிதழ்த் தாள், மலிவான நகல் எந்திரம், 8 பாயிண்ட் அடிக்குறிப்பு, அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து ஆகிய இடங்களில் தவிர்க்கவும். மெலிந்த கோடுகளை மை விழுங்கிவிடும். தொலைவிலிருந்து, ஓடும் வண்டியில் படிக்க வேண்டிய வழிகாட்டிப் பலகைகளுக்கும் ஆகாது.

அளவு, வரி இடைவெளி, ஓரம் ஆகியவற்றை எப்படி வைப்பது?

பாஸ்கர்வில் செய்ததையே செய்யுங்கள்: இடம் விடுங்கள். அச்சு நூலுக்கு 11 பாயிண்ட் எழுத்தும் 14 அல்லது 15 பாயிண்ட் வரி இடைவெளியும் நல்ல தொடக்கம். எழுத்துரு இயல்பிலேயே அகலமானது. பக்கத்தை மிச்சப்படுத்துவதற்காக அதைக் குறுக்கிச் சுருக்கினால், 'ஓ'வின் வட்டம் முட்டையாகி எல்லா அழகும் போய்விடும். பக்கம் குறைய வேண்டுமென்றால் வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதே மரியாதை. தலைப்புகளைப் பெரிய எழுத்துகளில் அமைக்கும்போது எழுத்துகளுக்கிடையே சிறிது கூடுதல் வெளி விடுங்கள். நாலாபுறமும் நெருக்கப்பட்ட பெட்டிக்குள் இந்த எழுத்துருவை அடைப்பதைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது.

தாள் விஷயத்தில், மிக வெளுத்த வழவழப்புத் தாளைவிட லேசான மஞ்சள் சாயல் உள்ள மென்பரப்புத் தாள் கண்ணுக்கு இதமாக இருக்கும். முடிவு செய்யுமுன் ஒரே பத்தியை இரண்டு தாளிலும் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். சிறிய 'இ' (e) எழுத்தின் குறுக்குக்கோடு இரண்டிலும் அறுந்துபோகாமல் தெரிகிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

தடித்த எழுத்தைப் பயன்படுத்தலாமா?

மூலத்தில் தடித்த எழுத்து என்பதே கிடையாது. அது பிற்காலச் சேர்க்கை. உரைக்குள் ஒரு சொல்லை அழுத்திக் காட்டச் சாய்வெழுத்தே போதும். பாஸ்கர்விலின் சாய்வெழுத்து அத்தனை அழகானது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது இழப்பு.

பாஸ்கர்விலில் தமிழ் எழுத்துகள் உண்டா? தமிழ் உரையோடு சேர்க்கலாமா?

மேலே சொன்ன எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழ் உரைக்கு நடுவே ரோமன் எழுத்து வர வேண்டியிருந்தால், தடிப்பு மெலிவு வேறுபாடு ஓரளவு தெரியும் தமிழ் எழுத்துருவைத் துணையாகத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் ஓடும் தமிழ் எழுத்துருவின் பக்கத்தில் பாஸ்கர்வில் மெலிந்து, நிறம் வெளிறித் தெரியும். பாயிண்ட் எண்ணைப் பார்த்துச் சமப்படுத்த முயல வேண்டாம். 'ப', 'ட' போன்ற எழுத்துகளின் உயரம் ரோமன் சிறிய எழுத்துகளைவிடச் சற்றே உயரமாக நிற்கும்படி, கண்ணால் பார்த்து அளவைக் கூட்டிக் குறையுங்கள்.

பாஸ்கர்விலில் எழுதினால் வாசகர் அதிகம் நம்புவார்கள் என்பது உண்மையா?

2012-இல் திரைப்பட இயக்குநர் எரால் மாரிஸ், நியூயார்க் டைம்ஸ் இணையதளத்தில் ஒரே கூற்றை ஆறு எழுத்துருக்களில் மாற்றி மாற்றிக் காட்டி, ஏறத்தாழ 45,000 வாசகர்களிடம் உடன்பாட்டைக் கேட்டார். பாஸ்கர்விலில் படித்தவர்களிடையே உடன்பாடு மற்றவற்றைவிடச் சிறிதளவே கூடுதலாக இருந்தது. அந்தச் 'சிறிதளவு' என்பதை விட்டுவிட்டுத்தான் பலரும் இந்தச் செய்தியைப் பரப்புகிறார்கள். ஒரு கருத்தை ஏற்கச் செய்வதற்காக இந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். படிக்க நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுங்கள்.

மூல எழுத்துகளை எங்கே காணலாம்?

பஞ்ச்கள் கேம்பிரிட்ஜில் உள்ளன. பர்மிங்ஹாமில் பாஸ்கர்வில் மாளிகையின் முன்னே 1990-இல் டேவிட் பேட்டன் அமைத்த சிற்பம் ஒன்று நிற்கிறது. ஆள் உயரத்துக்கு நிறுத்தப்பட்ட கல் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரு பஞ்ச். அவற்றின் முகப்பில் உலோக எழுத்துகள் பதிக்கப்பட்டு 'விர்ஜில்' என்ற சொல்லை உருவாக்குகின்றன. பஞ்ச் என்பதால் எழுத்துகள் கண்ணாடிப் பிம்பமாக இருக்கின்றன. முதலில் பார்ப்பவர்கள் வலமிருந்து இடமாகத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும்.